சினிமாப் பாட்டும் பாப் இசையும் கலையா, வெறும் பொழுதுபோக்கா?

கேள்வி கேட்டவர் கூடவே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: “கர்நாடக இசையும் மேற்கத்திய செவ்வியல் இசையும்தானே கலை? மற்றதெல்லாம் கேட்டுவிட்டு மறந்துபோகிற சரக்குதானே?”

இதற்குப் பதில் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. வார நாளில் மின்தூக்கி பழுதுபார்க்கிறேன். சனி ஞாயிறில் இங்கே சிங்கப்பூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். முப்பது வருஷம் ஆகப்போகிறது. கல்யாண வரவேற்பு, சமூக மன்றத்துத் தீபாவளி, அறுபதாம் கல்யாணம், கம்பெனி டின்னர் எல்லாம் பார்த்தாயிற்று. பேஸ் கிட்டார் என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. “பின்னால தடிமனா நாலு கம்பி வெச்சுக்கிட்டு நிப்பாரே, அவரு” என்றால் புரிந்துகொள்வார்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஓர் அமைப்பின் ஆண்டு விழா. பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள். நிகழ்ச்சி நிரலை அழகாக அச்சடித்து ஒவ்வொரு மேசையிலும் வைத்திருந்தார்கள். முதல் பாதிக்குத் தலைப்பு ‘கலை அங்கம்’. விருந்துக்குப் பிறகு வருவது ‘பொழுதுபோக்கு அங்கம்’. நாங்கள் பின்னதில்.

கலை அங்கத்தில் என் அக்கா மகள் உட்பட எட்டுப் பெண்கள் பரதநாட்டிய உடையில் வந்தார்கள். ஒரு புஷ்பாஞ்சலி ஆடினார்கள். அடுத்து ஒரு பழைய சினிமாப் பாட்டு. பென்டிரைவிலிருந்து பாட்டு ஓட, அதற்கு ஆடினார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகவே ஆடினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து அதே மேடையில் அதே பாட்டை நாங்கள் ஏழு பேர் வாசிக்க, எங்கள் பாடகி பாடினார். இப்போது அது பொழுதுபோக்கு! மெட்டு அதே மெட்டு, வரி அதே வரி. போதாக்குறைக்கு எங்களுடையது பென்டிரைவ் இல்லை, கையால் வாசித்தது. எங்களுக்குப் பொன்னாடை கிடையாது. கிளம்பும்போது ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். (வீட்டில் பொன்னாடையைவிட பிரியாணிக்குத்தான் வரவேற்பு என்பது வேறு கதை.)

லோரியில் ஸ்பீக்கரை ஏற்றும்போது யோசித்தேன். அந்த நிரலைத் தயாரித்தவர் எதை வைத்துப் பிரித்திருப்பார்? பாட்டைக் கேட்டுப் பிரித்திருக்க முடியாது. சலங்கை இருக்கிறதா, பட்டுப் பாவாடை இருக்கிறதா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று பார்த்திருக்கிறார். நாமும் பல நேரம் அப்படித்தான் பிரிக்கிறோம்.

‘கலை’ என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். “ஆய கலைகள் அறுபத்து நான்கு” என்று சரஸ்வதியைப் பாடுகிறோமே, அந்த அறுபத்து நான்கின் பட்டியலை எப்போதாவது படித்திருக்கிறீர்களா? ஒவ்வொரு நூலிலும் கொஞ்சம் மாறும். காமசூத்திரத்துப் பட்டியலில் பாட்டும் கூத்தும் இருக்கின்றன. பூத் தொடுப்பது இருக்கிறது, சமையல் இருக்கிறது. சேவல் சண்டை விடுவதும் கிளிக்குப் பேசக் கற்றுக்கொடுப்பதும்கூட இருக்கின்றன. கிளியைப் பேசவைப்பது கலை, சினிமாப் பாட்டுக்கு மெட்டுப் போடுவது கலையில்லை என்றால் அந்தக் கிளியே சிரிக்கும்.

ஆக, கேட்பவர் உண்மையில் கேட்பது ‘கலையா’ என்றல்ல, ‘உசத்தியா’ என்று. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த விவாதம் முடிவதே இல்லை. மோசமான கவிதையும் கவிதைதான், மோசமாக எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சுருதி சேராத கச்சேரியை யாரும் ‘இது கலை அல்ல’ என்று சொல்வதில்லை, ‘இன்னைக்குக் கச்சேரி சரியில்ல’ என்கிறார்கள். சினிமாப் பாட்டுக்கு மட்டும், ஒரு பாட்டு மட்டமாக இருந்தால் அந்த வகையையே தள்ளிவைக்கிறார்கள்.

உசத்தி என்ற பட்டமும் காலத்துக்குக் காலம் கை மாறியிருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக் கோட்டையில் கும்பினிக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் போட்டார். நோட்டுஸ்வரம் என்று இன்றைக்குச் சிறுபிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களே, அவைதான். ஏறக்குறைய 40 இருக்கும். அதில் ஒன்று இங்கிலாந்து ராஜாவுக்கு வாழ்த்துப் பாடும் மெட்டு. சிப்பாய்கள் நடை போட வாசித்ததை எடுத்து மும்மூர்த்திகளில் ஒருவரே சாமிக்குப் பாடியிருக்கிறார். அவர் முகம் சுளிக்கவில்லை, நாம் சுளிக்கிறோம்.

காவடிச்சிந்தும் அப்படித்தான். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் 19ஆம் நூற்றாண்டில் பாடியது, கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்து நடப்பவர்களின் கால் தாளத்தில் பிறந்த வடிவம். இன்றைக்குக் குளிர்சாதன அரங்கில், கச்சேரியின் கடைசி அரை மணியில், கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறோம். 1943ல் தமிழ் இசைச் சங்கம் தொடங்க வேண்டியிருந்ததற்குக் காரணமே, தமிழில் பாடினால் அது கடைசியில் பாடும் துக்கடாதான் என்று ஒதுக்கிவைத்திருந்ததுதான். அன்றைக்குத் தமிழ் துக்கடா, இன்றைக்குச் சினிமா துக்கடா. பாபநாசம் சிவனை எந்தப் பக்கம் வைப்பீர்கள்? பாகவதர் படங்களுக்குப் பாட்டு எழுதியவரும் அவர்தான், சங்கீத கலாநிதி பட்டம் வாங்கியவரும் அவர்தான். காலையில் கீர்த்தனை எழுதும்போது கலைஞர், மத்தியானம் ஸ்டூடியோவுக்குப் போனால் பொழுதுபோக்காளர் என்று சொல்ல முடியுமா?

எங்கள் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது, பல பேருக்குத் தெரியாது. டோபி காட் எம்ஆர்டியிலிருந்து மேலே வந்தால் சிங்கப்பூர்க் கலைப் பள்ளி. இளம் பிள்ளைகளுக்குச் சங்கீதம், நடனம், நாடகம் கற்றுக்கொடுக்க அரசாங்கம் கட்டிய பள்ளி. அது இருக்கும் சாலையின் பெயர் ஸுபிர் சைட் டிரைவ். யார் இந்த ஸுபிர் சைட்? நம் தேசிய கீதத்துக்கு மெட்டமைத்தவர். அது பள்ளிக்கூடத்தில் படித்தது. படிக்காதது என்னவென்றால் அவர் சினிமா இசையமைப்பாளர். 1907ல் சுமத்ராவில் பிறந்து, 1928ல் சிங்கப்பூர் வந்து, முதலில் பங்சாவான் கூத்துக் குழுவில் வாசித்தார். கேளிக்கைப் பூங்காவில் டிக்கெட் வாங்கி வருபவர்களுக்கு நடத்தும் கூத்து அது. மகன் இந்தப் பக்கம் போனதில் அவர் அப்பாவுக்கு விருப்பமே இல்லை. பிறகு கேத்தே-கெரிஸ் ஸ்டூடியோவில் மலாய்ப் படங்களுக்குப் பாட்டுப் போட்டார். 1958ல் விக்டோரியா அரங்கைப் புதுப்பித்துத் திறந்தபோது நகராட்சி மன்றம் ஒரு பாட்டுக் கேட்டது. அதற்கு அவர் போட்டுக்கொடுத்ததுதான் மறுவருஷம் தேசிய கீதமானது. நாடே எழுந்து நிற்பது ஒரு சினிமா மியூசிக் டைரக்டரின் மெட்டுக்கு. அந்தக் கலைப் பள்ளியிலிருந்து நாலு எட்டு வைத்தால் கேத்தே கட்டடம் வந்துவிடும். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குள் ஒரு சிரிப்பு வரும்.

பாப் இசைக்காரர் டிக் லீக்கு 2005ல் கலாசாரப் பதக்கம் கொடுத்தார்கள். ஓவியருக்கும் எழுத்தாளருக்கும் கொடுக்கும் அதே பதக்கம். ஆக, அரசாங்கக் கணக்கில் இந்த வழக்கு முடிந்து இருபது வருஷம் ஆகிறது.

ஆனால் பதக்கம் கொடுத்துவிட்டார்கள் என்பது பதிலாகாது. நான் சொல்ல வந்தது இனிமேல்தான்.

எதிர்த் தரப்பில் எனக்குத் தெரிந்து வலுவாகப் பேசியவர் தியோடர் அடோர்னோ என்ற ஜெர்மானிய அறிஞர். இசையமைப்பு முறையாகப் படித்தவர், அதனால் வெறும் வாய்ப்பேச்சு என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் இருந்தபோது 1941ல் வெகுஜன இசை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரம் இது: பேத்தோவனில் ஒவ்வொரு துண்டுக்கும் முழுமையிலிருந்துதான் அர்த்தம் வருகிறது, ஒன்றை உருவினால் எல்லாம் சரியும். வெகுஜனப் பாட்டோ உதிரி பாகங்கள் சேர்த்த எந்திரம். ஒரு பாகத்தைக் கழற்றி இன்னொன்றை மாட்டினாலும் ஓடும்.

ஒரு மின்தூக்கி மெக்கானிக்காக எனக்கு இந்த வாதம் உடனே பிடித்துவிட்டது. ஏனென்றால் இதைச் சோதித்துப் பார்க்கலாம். சொல்லப்போனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் நாங்கள் சோதித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தச் சோதனைக்கு எங்கள் தொழிலில் மெட்லி என்று பெயர்.

தெரியாதவர்களுக்கு: எட்டுப் பத்துப் பாட்டின் பல்லவிகளை ஒரே டெம்போவில் கோத்துப் பன்னிரண்டு நிமிடம் நிற்காமல் ஓட்டுவது மெட்லி. சாப்பாடு பரிமாறத் தொடங்கியதும் இதைத்தான் கேட்பார்கள். எல்லாப் பாட்டையும் ஒரே ஸ்கேலுக்குக் கொண்டுவருவோம், பெரும்பாலும் டி மைனர். இந்தப் பாட்டின் இண்டர்லூடை (நடுவில் வரும் வாத்திய இசையை) அந்தப் பாட்டின் பல்லவிக்கு முன்னால் ஒட்டுவோம். முக்கால்வாசிப் பாட்டு சொன்னபடி கேட்கும். ஒரு தடவை கீபோர்டு அண்ணன் தூக்கக் கலக்கத்தில் நாலாவது பாட்டில் ஏழாவது பாட்டின் பிட்டை வாசித்துவிட்டார். பாடுகிற பெண்ணுக்கே தெரியவில்லை. அவர் பாட்டுக்குச் சரியான இடத்தில் எடுத்தார், மேசைகளில் கை தட்டினார்கள். அடோர்னோ மட்டும் அங்கே உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தால், “நான் அப்பவே சொல்லலையா?” என்றிருப்பார்.

ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் வாசிப்பதில் பாதிக்கு மேல் அந்த ரகம்தான்.

ஆனால் மெட்லிக்குள் வர மறுக்கிற பாட்டுகள் உண்டு. அதில் ஒன்றைச் சொல்கிறேன். எண்பதுகளில் வந்தது. பெயரைச் சொன்னால் அதைவிட இது உசத்தி என்று ஆளாளுக்குக் கிளம்புவீர்கள், அதனால் சொல்லவில்லை. ஒரு கல்யாண வரவேற்புக்கு மாப்பிள்ளை ஆசைப்பட்டு அதை மெட்லியில் சேர்க்கச் சொன்னார். சரி, நூறு முறை கேட்ட பாட்டுத்தானே என்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நோட்ஸ் எடுக்க உட்கார்ந்தேன். இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தவன் எழுந்தபோது மூன்று.

பல்லவியின் முதல் தட்டில் பேஸ் இல்லை. இரண்டாவது தட்டில்தான் நுழைகிறது, அதுவும் தயங்கித் தயங்கி. முதலில் டேப்பின் கோளாறு என்று நினைத்தேன். இரண்டாவது முறை பல்லவி வரும்போதும் அதே இடத்தில் அதே பள்ளம். எதற்கு இப்படி என்று பிடிபடவில்லை, எழுதி வைத்துக்கொண்டு மேலே போனேன். இரண்டாவது சரணத்தின் மூன்றாவது வரி வந்தது. பாடுபவர் பஞ்சமத்திலிருந்து படிப்படியாகக் கீழே இறங்குகிறார். பேஸ் கீழேயிருந்து படிப்படியாக மேலே ஏறுகிறது. ஒருவர் மாடிப்படியில் இறங்க, இன்னொருவர் ஏறிவர, நடுப் படியில் இருவரும் ஒரே சுரத்தில் நிற்கிறார்கள். அங்கே பாட்டின் வார்த்தையும் முடிகிறது. அடுத்த கணம் புல்லாங்குழல் ஒரு சின்னப் பிட் வாசிக்கிறது. எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. நாலு தடவை பின்னால் போய்ப் பார்த்தேன். முதல் இண்டர்லூடில் யாரும் கவனிக்காத இடத்தில் பேஸ் வாசித்ததேதான் அது. அது முடிந்து பல்லவி திரும்ப வருகிறது, இந்த முறை முதல் தட்டில் பேஸ் இருக்கிறது. பாட்டு முழுக்கப் பசியோடு வைத்திருந்த இடத்தில் அப்போதுதான் சோறு போடுகிறார் இசையமைப்பாளர்!

பேஸ் என்பது காதுக்குத் தெரியாத இடம். கேசட் விற்ற காலத்தில் தேக்காவில் வாங்கும் கேசட் உறையில் வாசித்தவர் பெயர்கூடப் போடமாட்டார்கள். அப்பாவின் டிரான்சிஸ்டரில் இந்தப் பாட்டைக் கேட்டபோது பேஸே கேட்டிருக்காது. கேட்காது என்று தெரிந்தும் ஒரு மனிதர் உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறார், இன்னொருவர் வாசித்திருக்கிறார்.

சனிக்கிழமை காக்கி புக்கிட்டில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற ஸ்டூடியோவில் ஒத்திகை. பல்லவியை மட்டும் வெட்டி மெட்லியில் ஒட்டினோம். நொண்டியது. முதல் தட்டு காலியாக இருப்பது தனியாகக் கேட்கும்போது தப்பாக வாசித்த மாதிரி இருந்தது. சரி, அந்த இடத்தை நிரப்பிவிடலாம் என்று முதல் தட்டிலேயே வாசித்தேன். இப்போது பாட்டே வேறு பாட்டாகிவிட்டது, செத்துப்போன மாதிரி. சரணத்திலிருந்து எடுத்துப் பார்த்தோம், அதுவும் ஆகவில்லை. எங்கள் டிரம்மர் மலாய்க்காரர், பாட்டின் வார்த்தை ஒன்றும் அவருக்குப் புரியாது. குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, “தாக் போலே, பிராதர்” என்றார். முடியாது. மாப்பிள்ளையிடம் சொல்லி அதைத் தனிப்பாட்டாக, ஐந்து நிமிடம் முழுசாக வாசித்தோம். அன்றிலிருந்து அந்தப் பாட்டு என்றால் முழுசாகத்தான், இல்லையென்றால் இல்லை.

ஆகவே அடோர்னோ சொன்ன அளவுகோல் சரி, அதை வைத்து அவர் சொன்ன தீர்ப்புதான் எனக்கு ஒப்பவில்லை. அதே அளவுகோலைக் கச்சேரி மேடைக்கும் கொண்டுபோங்கள். மேடையிலேயே கற்பனையாகச் சுரம் பாடுவதுதான் கல்பனாஸ்வரம், ஆனால் ராகம் மாறினாலும் போக்கு மாறாத கல்பனாஸ்வரத்தை நான் கேட்டிருக்கிறேன். வீட்டிலேயே கணக்குப் போட்டுக் கொண்டுவந்த ஒரே தாளக் கோர்வையை எந்தப் பாட்டு வந்தாலும் தாள வாத்தியம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் ஒட்டிவிட்டுப் போகிற மிருதங்கத்தையும் கேட்டிருக்கிறேன். அதுவும் மெட்லிதான், பட்டு வேட்டி கட்டிய மெட்லி. வெட்டி ஒட்ட விடாத பாட்டு இரண்டு பக்கமும் இருக்கிறது, விடுகிற பாட்டும் இரண்டு பக்கமும் இருக்கிறது.

‘எல்லாப் பாட்டும் ஒரே அச்சு’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல்லவி, சரணம் என்ற பெயர்களையே சினிமாக்காரர்கள் கீர்த்தனையிலிருந்துதான் எடுத்தார்கள். வெண்பாவைவிட இறுக்கமான அச்சு எது? பாட்டு மூன்று நிமிடச் சொச்சத்தில் முடிகிற வழக்கம்கூட பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் பிடிக்கும் என்பதால் வந்தது. பெரிய வித்வான்களும் அந்த ஒரு பக்கத்துக்குள் ராகத்தைச் சுருக்கிப் பாடிக் கொடுத்தவர்கள்தான். இட்லித் தட்டில் எல்லாக் குழியும் ஒன்றுதான், மாவைப் பாருங்கள்.

‘காசுக்காகச் செய்வது கலையாகுமா’ என்றும் கேட்பார்கள். சங்க காலத்துப் பாணன் யாழைத் தூக்கிக்கொண்டு போனது பரிசிலுக்குத்தான். பரிசு வாங்கிய பாணன் வாங்காத பாணனுக்கு எந்த வள்ளலிடம் போனால் கிடைக்கும் என்று வழி சொல்வதற்கு ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையே வைத்திருக்கிறோம். இதற்கு மேல் என்ன சொல்ல.

என் அளவுகோலில் ஓர் ஓட்டை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நோட்ஸ் எடுக்கக் கஷ்டமாக இருந்தால் கலை, சுலபமாக இருந்தால் குப்பை என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் அது ஆட்டம் கண்டது.

ஓர் இளைஞன் எங்களோடு வாசிக்கக் கேட்டு வந்தான், தேசிய சேவை முடித்துப் பாலிடெக்னிக் போகப்போகிறவன். ஈசூனில் தன் வீவக அடுக்குமாடி வீட்டுப் படுக்கையறையில், மெத்தையைச் சுவரோடு நிறுத்தி வைத்து, தமிழ் ராப் பாட்டுப் போடுகிறான். மலேசிய ராப் பாடகர் யோகி பி காலத்திலிருந்து மலேசியா, சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் ராப் வீட்டுச் சரக்கு மாதிரி, ஆச்சரியம் ஒன்றுமில்லை. “அங்கிள், ஒரு பாட்டுக்கு மட்டும் லைவ் பேஸ் வேணும்” என்று அனுப்பினான். கேட்டேன். இரண்டே சுரம். பாட்டு முழுக்க அதே இரண்டு சுரம் திரும்பத் திரும்ப. நோட்ஸ் எடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கோப்பி ஆறுவதற்குள் முடித்துவிட்டு, ‘இதுக்கு எதுக்குடா நான்’ என்று நினைத்துக்கொண்டேன்.

ஒத்திகையில் வாசித்தபோது இடறியது. அவன் அம்மா வேலைக்குக் கிளம்பும் நேரத்தைப் பற்றிய பாட்டு. முதல் எட்டு வரி கொட்டித் தீர்க்கிறான், மூச்சு விடுவதில்லை. ஒன்பதாவது வரியில் ‘கதவு’ என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறான். எல்லாம் நிற்கிறது. எத்தனை தட்டு என்று எண்ணினேன், ஐந்து. நாலு இருந்தால் யாரும் தூக்கத்தில்கூட வாசிக்கலாம். அவன் ஐந்து விடுகிறான், பிறகு நடு மாத்திரையில் எடுக்கிறான். நான் முந்திக்கொண்டேன். மறுபடி எடுத்தோம், மறுபடியும் முந்திக்கொண்டேன். எண்ணாமல் விட்டால் சரியாக வருமோ என்று பார்த்தால் பிந்திவிட்டது. முப்பது வருஷ அனுபவம், இரண்டே சுரம், பையன் பாவமாகப் பார்க்கிறான்.

“கதவு சாத்துற சத்தம் வரணும்னு காத்திருப்பேன் அங்கிள். அம்மா மெதுவாத்தான் சாத்துவாங்க” என்றான்.

இன்னும் எனக்கு அந்த இடம் சரியாக விழவில்லை. வர்ற சனிக்கிழமை திரும்ப ஒத்திகை. அதுவரைக்கும் தினமும் இரவு வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு ஆம்ப் போடாமல் வாசித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.